ஆடு மேய்ந்த மணிப்பூ

நான் கல்யாணம் செய்துகொண்டபோது என் வீட்டுக்காரர் டாக்டராகத்தான் இருந்தார். இதை அவ்வப்போது அவருக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. வால்ப்ரூன் என்ற எங்கள் மலையூரில் முதல் ஏழு வருஷம் காய்ச்சல், பேதி, கை முறிவு என்று ஒழுங்காகத்தான் வைத்தியம் பார்த்தார். பிறகு ஒரு நாள் நோட்டரியின் மாமியாருக்கு நெஞ்சுச் சளி. இவர் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி எண்ணினார். எதிர் மதிலின் விரிசலில் ஏதோ ஒரு பெரணிச் செடி கண்ணில் பட்டதாம். கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா அரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டே படுத்திருந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள், அந்தக் கதையைச் சொல்வதற்கென்றே பிழைத்தது போல.

அதன் பிறகு பக்கத்து ஊருக்கு ஓர் இளம் டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தன் மருந்துப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, பச்சை வண்ணம் அடித்த தகரப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். பதினேழு வருஷமாக அந்தத் தகரப் பெட்டிதான் எனக்குச் சக்களத்தி. காலையில் மலைக்குப் போவார், சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வருவார், பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்ப்பார். செடிகளைப் பரப்பிச் சாம்பல் நிறத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பலகை போட்டுக் கல்லை ஏற்றுவது அவர் வேலை. ஈரம் உறிஞ்சிய தாள்களைத் தினமும் எடுத்து, அடுப்படியில் காயவைத்து, காய்ந்த தாள்களை மாற்றுவது என் வேலை. ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படி எத்தனை ஆயிரம் தாள் மாற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு செடியின் சீட்டிலும் மூன்று வரி இருக்கும்: செடியின் பெயர், தேதி, பறித்தவர் டாக்டர் அனிசே வெர்னூ. தாள் மாற்றியவர் என்று ஒரு வரி கிடையாது.

செடி எங்கே கிடைத்தது என்ற வரியும் கிடையாது. ஒரு காலத்தில் எழுதினார். ஓர் அபூர்வ ஆர்க்கிட் இருக்கும் இடத்தை கிரெனோபிளிலிருந்து வந்த ஓர் ஆளிடம் வாய்தவறிச் சொல்லிவிட, அந்த ஆள் மண்வெட்டியோடு போய் ஒன்று விடாமல் தோண்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எந்தச் சீட்டிலும் இடம் எழுதுவதில்லை, கேட்பவர்களுக்கு 'மலையில்' என்று மட்டும்தான் பதில். என்னிடமும் சொல்ல மாட்டார். கேட்டால், உனக்குப் பொய் சொல்லத் தெரியாது ஓதில், அதனால்தான் என்பார். அது பாராட்டு மாதிரி இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூலைக் கடைசியில், ஒரு மணிப்பூச் செடியைக் கொண்டுவந்தார். வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் என்னை ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். இது உலகத்தில் யாரும் பார்க்காத மணிப்பூ, சாதாரண மணிப்பூ தண்டு நெடுகப் பூக்கும், இதில் எல்லாப் பூவும் உச்சியில் ஒரே கொத்தாக, கை முஷ்டி மாதிரி வந்திருக்க வேண்டும் என்றார். வந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னார், ஏனென்றால் கொத்து எதுவும் கிடைக்கவில்லை. எல்லாத் தண்டும் உச்சி அறுந்து கிடந்தனவாம், தண்டு நெடுகப் பூத்த தழும்பு இல்லாததை வைத்து ஊகித்ததாம். பக்கத்தில் தளிர்த்த கிளைகளில் ஒன்றிரண்டு பூ மட்டும். ஆடு மேய்ந்திருக்கிறது என்று பல்லைக் கடித்தார். நான் தாள் மாற்றினேன். நான்கே நாளில் அந்தப் பூ ஆறிப்போன தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

லியோனில் இருக்கும் தாவரவியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். 'ஆடுகளால் கடுமையாக மேயப்படுகிறது' என்றும் ஒரு குறிப்புப் போட்டார். அங்கே பேராசிரியர் ரவனெல் என்று ஒருவர். அவர் சொன்னால் பிரான்சில் மணிப்பூக்கள் தலையை ஆட்டும் என்பார்கள். அவர் சங்கத்தின் பத்திரிகையிலேயே பதில் எழுதினார். இது சாதாரண மணிப்பூதான், ஆடு கடித்ததால் கோணலாக வளர்ந்திருக்கிறது, புதிய இனத்தைப் படைத்த பெருமையை டாக்டர் வெர்னூ அந்த ஆட்டோடு பங்கிட்டுக்கொள்வது நியாயம் என்று. அரைப் பக்கம். அந்த அரைப் பக்கம் என் வீட்டில் இரண்டு வாரத்துக்கு சூப்பை ஆறவைத்தது. அவ்வளவு பெரிய மனிதர் என் வீட்டுக்காரர், சங்கத்து நாற்பது பேருக்கு நடுவில் தன்னைக் கோமாளியாக்கிவிட்டார்களே என்று, தோட்டத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ரவனெல் என் கையில் கிடைத்திருந்தால் அவரையும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கல்லை ஏற்றியிருப்பேன்.

அடுத்த இரண்டு வருஷமும் ஜூலையில் போனார், அதே மொட்டைத் தண்டுகள். இந்த வருஷம் புத்தி வந்து ஜூன் முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்திருக்கிறார். முப்பது நாற்பது தண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் முழு மொட்டுக் கொத்து. என்னிடம்கூட மூச்சுவிடாமல் அவரே முள் வெட்டிச் சுற்றிலும் வேலி போட்டுவிட்டு வந்து லியோனுக்கு எழுதினார்: நேரில் வந்து பாருங்கள். ரவனெலும் நாணயமான ஆள்தான், வருகிறேன் என்று பதில் போட்டார். மேயாத தண்டில் கொத்தைப் பார்த்தால் எழுதியதை அச்சிலேயே வாபஸ் வாங்குகிறேன், ஆனால் ஒரு வருஷத்து விபரீதத்தை இனம் என்று சொல்ல முடியாது, அதையும் யோசித்து வையுங்கள் என்று கடைசியில் ஒரு கொக்கி. வரும் நாள் திங்கட்கிழமை என்று குறித்திருந்தது.

இந்தத் தடவையும் சறுக்கினால் காய்ந்த செடிக் கட்டுகள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு முயல் வளர்க்கப் போகிறேன் என்றார் இவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு எங்களுக்கு நற்கருணைப் பவனி. பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, நான்கு பேர் பிடித்துவரும் விதானத்தின் கீழ் வருவார், அவர் கால் வைக்கும் தெருவெல்லாம் பூ பரப்பியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் கோயிலுக்கும் ஒட்டாது. மாணவனாக இருந்த நாளிலிருந்தே அவருக்குக் கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை. பவனி நாளில் மேல்மாடியில் தாள்களோடு உட்கார்ந்துவிடுவார். நான் போவேன். வருஷா வருஷம் என் தோட்டத்து ரோஜாவில் இரண்டு கூடை கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் மே மாதத்து ஆலங்கட்டி மழையில் ரோஜா அத்தனையும் போயிற்று. சனிக்கிழமை காலையில் மருத்துவச்சி ஃபிலோமேன் வாசலில் வந்து நின்றாள். ஊரில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவள், அதனால் எல்லாரையும் அதட்டுவாள்.

"ரோஜா இல்லேன்னா என்ன டாக்டரம்மா, காலு இருக்குல்ல? கூடைய எடுத்துக்கிட்டு வாங்க, மேல போவோம்."

பதினாறு பெண்கள் போனோம். வழியெல்லாம் பாட்டும் வம்பும். அவ்வளவு சிரித்து எத்தனை நாளாயிற்று. கழுதைப் பாறைக்கு மேலே, ஒரு சரிவில், முள்வேலிக்குள் நீலமாக ஏதோ எரிந்துகொண்டிருந்தது. யாரோ நல்ல மனுஷன் நமக்காக ஆடு தின்னாம முள்ளு போட்டு வெச்சிருக்கான், அவனுக்கு மோட்சம் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டே ஃபிலோமேன் முள்ளைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அது பவனிப்பூவாம். பறித்து ஒரு நாள் ஆனாலும் வாடாது, வெயில் அடித்தாலும் மிதிபட்டாலும் சாமி கடந்து போகும் வரை நிறம் விடாது. அவளுடைய அம்மா காலத்திலிருந்தே இங்கேதான் பறிக்கிறார்களாம். வேரைத் தொடக் கூடாது, உச்சியை மட்டும் கிள்ள வேண்டும் என்று எனக்குச் செய்து காட்டினாள். நான் ஏப்ரன் நிறையப் பறித்தேன். மூன்று வருஷமாகத் தேநீர் நிறத்தில் என் கையால் தாள் மாற்றிய அதே செடி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை. உயிரோடு இருக்கும்போது அது இப்படி இருக்கும் என்று யார் எனக்குக் காட்டினார்கள்?

பவனி முடிந்ததும் ஒரு கொத்தை வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும், இடி விழாது என்று ஃபிலோமேன் எனக்கென்று முழுதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் தொங்கவிட்டால், இடி என்பது வெறும் மின்சாரம் என்று எனக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் நடக்கும். நீயே உன் வீட்டில் தொங்கவிடு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மணி அடித்தது, பவனி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நான் பெண்கள் வரிசையில் இருந்தேன். எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது, என் வீட்டுக்காரர் வீட்டுச் செருப்போடு, கழுத்துப்பட்டை இல்லாமல் ஓடிவந்து, விதானத்துக்கு நேர் எதிரே தெரு நடுவில் முழங்காலில் விழுந்தார். விழுந்து தரையைத் தடவினார். தோள் குலுங்கியது. சாமியார் அப்படியே நின்றுவிட்டார். இருபத்துநாலு வருஷமாக இந்த ஒரு ஆளுக்காக ஜெபித்திருக்கிறார் மனிதர், அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விதானம் தூக்கியவர்கள் மண்டியிட்டார்கள், பின்னால் ஊரே மண்டியிட்டது. பாடகர்கள் எந்தப் பாட்டு என்று தெரியாமல் இரண்டு பாட்டை ஒன்றாகத் தொடங்கினார்கள்.

எனக்கு மட்டும் தெரிந்தது, அவர் ஜெபிக்கவில்லை, பொறுக்குகிறார் என்று. போய்ப் பக்கத்தில் முட்டி போட்டேன்.

"ஓதில், இத எங்க பறிச்சாங்க?"

"கழுதைப் பாறைக்கு மேல. முள்வேலி போட்டிருந்துச்சே, அங்க."

"யாரு பறிச்சது?"

"நான்தான். நாங்க எல்லாரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கசங்கிய நாலு பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் பாறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மொட்டுகூட மிச்சமில்லை, சுத்தமாக மேய்ந்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு மேஜையில் உட்கார்ந்து சங்கத்திலிருந்து விலகும் கடிதத்தை எழுத ஆரம்பித்தார்.

எனக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. ஆத்திரம்தான் எனக்கு ஒத்துவரும்.

"மண்வெட்டியோட வந்தவனுக்கு சொன்னீங்க. பதினேழு வருஷம் தாள் மாத்தினவகிட்ட சொல்லல. சொல்லியிருந்தா அந்த வேலிக்குள்ள ஒரு ஈயக்கூட விட்டிருக்க மாட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நியாயமான பேச்சு என்றால் எழுதுவதை நிறுத்திவிடுவார், அது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று. கடிதத்தை நாளைக்கு முடிக்கலாம் என்று மசிப்புட்டியை நான் எடுத்துக்கொண்டு, நேராக ஃபிலோமேன் வீட்டுக்கு நடந்தேன். எனக்குக் கட்டிய கொத்து மிதிபடாமல் அவளிடம் இருக்கிறது, அது ஒன்றாவது கிடைக்கட்டும் என்று.

அவள் கதவைத் திறந்து, அந்தக் கதவின் உள்பக்கத்தைக் காட்டினாள். என் கொத்து ஓர் ஆணியில் புதுசாகத் தொங்கியது, நீலம் மாறவில்லை. அதற்குப் பக்கத்து ஆணியில் இன்னொன்று, காய்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கதவு முடிந்து சுவரிலும் வரிசை போயிற்று. பழையதை எறியக் கூடாதாம், பெரிய இடி இடிக்கும்போது அதிலிருந்து ஒரு காம்பை ஒடித்து அடுப்பில் போட வேண்டுமாம். எல்லாமே தேநீர் நிறம். எனக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். உயிருள்ள பூவை அடையாளம் தெரியாத எனக்குக் காய்ந்ததை இருட்டிலும் தெரியும். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் முஷ்டி மாதிரி ஒரே கொத்து.

எத்தனை வருஷத்துப் பூ இது என்று கேட்டேன். இருபத்திரண்டு, நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து என்றாள். ஒவ்வொரு கொத்தையும் ஒவ்வொரு ரிப்பனால் கட்டியிருந்தாள். அந்தந்த வருஷம் அவள் கையில் பிறந்த முதல் குழந்தையின் ஞானஸ்நான ரிப்பன். நான் அங்கிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அவள் எனக்கு வால்நட் ஒயின் ஊற்றிக் கொடுத்தாள், மயக்கம் என்று நினைத்து.

திங்கட்கிழமை ஐந்து பேர் வண்டியிலிருந்து இறங்கினார்கள், ஐந்து தகரப் பெட்டியோடு. ரவனெல் கொக்கு மாதிரி நெட்டையாக, நான் நினைத்ததைவிட மரியாதையாக இருந்தார். என் வீட்டுக்காரர் வெளுத்த முகத்தோடு, மன்னிக்க வேண்டும், காட்ட ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, முதலில் சாப்பிடுங்கள் என்றேன். ட்ரவுட் மீனும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வைத்தேன். அந்த ஆட்டுப் பாலாடைக்கட்டியைப் பேராசிரியருக்கு நானே இரண்டு துண்டு பெரிதாக வைத்தேன். பிறகு, மலைக்கு வேண்டாம், தெருவுக்கு வாருங்கள் என்று ஐந்து பேரையும் இவரையும் ஃபிலோமேன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரவனெல் கதவின் முன்னால் நின்று பூதக்கண்ணாடியை எடுத்தார். புதுக் கொத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், சுவரோரம் நகர்ந்துகொண்டே போனார். தேதி தெரியுமா அம்மா என்று கேட்டார். ஃபிலோமேன் ரிப்பனைத் தொட்டுத் தொட்டு ஒப்பித்தாள்: இது தச்சன் வீட்டு இரட்டைப் பிள்ளைகள், ஐந்து வருஷம் முன்னால், இது பாலம் இடிந்த வருஷம், மாவுமில்காரர் மகன், காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தவன், இது மேயரின் மகள், ஒன்பது மணி நேரம். ஒரு பெயரில்கூடத் தடுமாறவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு மாட்டுத் தொழுவத்தில் ரவனெல் பால் கறக்கும் முக்காலியில் ஏறி நின்று உத்தரத்தில் தொங்கிய கொத்தைப் பார்த்தார், கீழே பசு அவருடைய கோட்டின் வாலை மென்றுகொண்டிருந்தது. மொத்தம் பதினோரு வீடு. எல்லா வீட்டிலும், எல்லா வருஷமும், அதே கொத்து.

முக்காலியிலிருந்து இறங்கியவர், தொப்பியைக் கழற்றினார்.

"டாக்டர் வெர்னூ, இது புது இனம்தான். நான் எழுதினது தப்பு, அச்சுலயே சொல்லிடறேன். ஆனா நீங்களும் ஒண்ண திருத்தணும். இத ஆடு மேயல."

ஃபிலோமேன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் எங்களை ஆடு என்று அச்சில் போட்ட கதையை முந்தின நாளே நான் சொல்லிவிட்டிருந்தேன்.

"இருபத்துநாலு வருஷத்துல ஒரே ஒரு தடவ பவனிக்கு வந்திருந்தா, டாக்டர், உங்க காலுக்கு அடியிலயே கெடந்திருக்கும். மலையெல்லாம் ஏன் ஏறினீங்க?"

என் வீட்டுக்காரர் சிவந்து, பிறகு சிரித்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு கண்ணும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அது போதும், இனம் எதுவாக இருந்தால் என்ன.

சாமியாரிடமும் அவர் போய் உண்மையைச் சொன்னார், பூ பொறுக்கத்தான் குனிந்தேன், வேறு ஒன்றும் இல்லை என்று. ஏமாற்றி வைப்பது அவருக்குப் பிடிக்காது. முட்டி போட்டது போட்டதுதான், எதற்காக என்று நான் கேட்கவில்லையே என்று சாமியார் அவருக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கொடுத்து அனுப்பினார். பெண்களோடும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. இனிமேல் பத்துத் தண்டை விதைக்கு விட்டுவைப்பார்கள். பதிலுக்கு டாக்டர் ஒவ்வொரு வருஷமும் விதானத்தின் ஒரு காலைப் பிடிக்க வேண்டும். அது ஃபிலோமேன் போட்ட நிபந்தனை. தாவரவியல் காரணத்துக்காக மட்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பிய பிறகு, என் கொத்தை ஃபிலோமேனிடமிருந்து கேட்டு வாங்கிவந்தார். புது இனத்துக்கு ஆதாரமாக லியோனில் காலத்துக்கும் வைக்கப்போகும் மாதிரி அதுதானாம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக விரல் நுனியால் பிரித்துப் பரப்பினார். பிறகு சீட்டை எழுதி, மசி காய ஊதி, என் பக்கம் தள்ளினார்.

செடியின் பெயர், தேதி. இடம் என்று பல வருஷத்துக்குப் பிறகு ஒரு வரி: வால்ப்ரூன், கழுதைப் பாறைக்கு மேலே. பறித்தவர் என்ற இடத்தில் ஓதில் வெர்னூ.

நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்று ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குத் தாள் மாற்ற வேண்டுமே என்று வழக்கம்போல எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன். இவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ உக்காரு. பறிச்சவங்க தாள் மாத்தறதில்ல."

அடுத்த நாள் அவரே தாள்களைக் காயவைத்தார். இரண்டைக் கருக்கிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவே இல்லை.